கடையில் கிடைக்காத வீட்டுப்பாடம்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் பேச்சு மூன்று பேருடையது. திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் தமிழ், கணக்கு, வரலாறு ஆகிய பாடங்களைப் பல ஆண்டுகள் நடத்தி, அடுத்தடுத்து ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். அதனால்தான் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். "பிள்ளைகளுக்கு வித்தியாசமான வீட்டுப்பாடங்கள் கொடுப்பீர்களாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள், பெற்றோருக்கு உபயோகமாக இருக்கும்" என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். பழங்கதை பேசும் ஆசையில் நாங்கள் வரவில்லை. இன்று நம் வீடுகளில் நடக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு அந்தப் பழைய பாடங்கள் உதவும்.

இப்போது பல தாய்மார்கள் எங்களைத் தெருவில் பார்த்தால் கேட்கும் கேள்வி இது: "சார், பிள்ளைக்கு ப்ராஜெக்ட் கொடுத்திருக்காங்க. எந்தக் கடையில் வாங்கினால் மலிவாக இருக்கும்?" தெர்மோகோலில் செய்த எரிமலை கடையில் இருக்கிறது. சூரியக் குடும்பம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் தலைப்பைச் சொன்னால் பத்துப் பக்கம் அச்செடுத்து, முகப்பில் பிள்ளையின் பெயரையும் போட்டு, சுருள் கம்பி கோத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது அதுவும் வேண்டாம், போனில் கேட்டால் போதும், கட்டுரை வந்து விழுகிறது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. செலவானது தாயின் காசு. பிள்ளையின் மனதில் ஏறியது ஒன்றுமில்லை.

செயல்திட்டம் என்பது கெட்ட யோசனை அல்ல. 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது, எட்டாம் வகுப்பு வரைக்கும் 60 மதிப்பெண்ணுக்குத் தொகுத்தறி மதிப்பீடு என்றும், 40 மதிப்பெண்ணுக்கு வளரறி மதிப்பீடு என்றும் பிரித்தார்கள். அந்த 40-க்குள்தான் செயல்திட்டங்களும் செயல்பாடுகளும் வந்தன. பிள்ளை தானே தேடி, தானே செய்து, தானே பேசிக் கற்கட்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விலைக்கு வாங்கக்கூடிய தலைப்புகளைக் கொடுத்தால் வாங்கத்தான் செய்வார்கள். வாங்கவே முடியாத தலைப்பு எது என்பதுதான் கேள்வி.

எங்கள் விதி

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வீட்டுப்பாடம் என்றால் கேள்வி பதிலை நோட்டில் எழுதி வருவது. நாற்பது நோட்டுகளைத் திருத்தினால் நாற்பதிலும் ஒரே பதில் இருக்கும். நோட்ஸ் புத்தகத்தில் அச்சுப்பிழை இருந்தால் வகுப்பு முழுவதும் அதே பிழையை எழுதி வரும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அந்த நோட்டுகளிலிருந்து அறிய வழியில்லை. அந்தப் பிள்ளை யார், எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதற்கும் அதில் இடமில்லை.

மதிய உணவு வேளையில் உட்கார்ந்து பேசி ஒரு விதி வைத்துக்கொண்டோம். மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளையின் வீட்டிலோ தெருவிலோ மட்டுமே பதில் கிடைக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுப்பது. அதற்குக் காசு செலவாகக் கூடாது. ஒரு பெரியவரிடமாவது கேட்டே ஆக வேண்டும். அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தால் இன்னும் நல்லது. எழுதுவது ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதியதை வகுப்பில் நின்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். விதி அவ்வளவுதான்.

பூட்டுப் பாடம்

முதலில் கொடுத்தது பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வகுப்பில் அது பாடமாகிவிட்டது. "வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருக்கும் மிகப் பழைய பூட்டைப் படம் வரைந்து வா. அது எப்படித் திறக்கிறது என்று தெரிந்தவரிடம் கேட்டு எழுது" என்றோம். மாங்காய்ப் பூட்டு வந்தது. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டு வந்தது. திறக்கவே திறக்காத துருப்பிடித்த பூட்டும் வந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தார். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பார். அவருடைய அத்தா வீட்டிலேயே அரம் வைத்துச் சாவி ராவுகிறவர் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்தப் பையன் கரும்பலகையில் படம் போட்டு முழுப் பீரியடும் பேசினார். பூட்டுக்குள்ளே லீவர் என்ற தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் சாவி அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாம் சரியான உயரத்தில் நின்றால்தான் நாக்கு நகரும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திறக்காது. சாவியில் இருக்கும் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டின் உயரம்.

அடுத்த பீரியட் கணக்கு. ஒரு பூட்டில் ஐந்து தகடுகள், ஒவ்வொரு தகட்டுக்கும் நான்கு வகை உயரம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், எத்தனை வேறு வேறு சாவிகள் செய்ய முடியும்? நான்கை ஐந்து முறை பெருக்க வேண்டும். 1,024. அடுக்கு எண் என்ற பாடத்தை அதற்குப் பிறகு நாங்கள் தனியாக விளக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அந்தப் பையனும் அதற்குப் பிறகு தரையைப் பார்த்து நிற்கவில்லை.

பிறைப் பாடம்

அடுத்தது பிறை. எங்கள் வகுப்பில் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. நாகல் நகர் பக்கமிருந்து வரும் சௌராஷ்டிரப் பிள்ளைகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வேலை. ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் நிலாவைத் தேடிப் பார்த்து, அதன் வடிவத்தை ஒரு சிறு வட்டத்துக்குள் வரைந்து, பார்த்த நேரத்தையும் குறிக்க வேண்டும். முதல் வாரம் மாலையில் தெரிந்தது, பௌர்ணமிக்குப் பிறகு மாலையில் ஏன் காணோம் என்ற கேள்வி தானாக வந்தது. சில பிள்ளைகள் ஃபஜ்ருக்குப் போகும்போது மேலே பார்த்து, "சார், நிலா காலையில் இருக்கிறது" என்று கண்டுபிடித்து வந்து சொன்னார்கள்.

அதோடு ஒரு கேள்வியும் கொடுத்தோம். "உங்கள் நன்னி, ராதா சிறு வயதில் நோன்பு வைத்தபோது அது மழைக்காலமா, வெயில் காலமா?" பதில்கள் பலவிதமாக வந்தன. ஒரு மூதாட்டி, அக்னி நட்சத்திர வெயிலில் நோன்பு வைத்ததாகச் சொன்னார். இன்னொருவர் மார்கழிப் பனியில் சஹருக்கு எழுந்ததைச் சொன்னார். யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான். சந்திர மாதம் சராசரி இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள். சூரிய ஆண்டு 365 நாள். வித்தியாசம் 11 நாள். ஆகவே ரமலான் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. 1953, 1986, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ரமலான் மே மாதத்தில்தான் தொடங்கியது. இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை, தன் நன்னியின் நினைவிலிருந்து அவர் எந்த ஆண்டைச் சொல்கிறார் என்று தோராயமாகக் கண்டுபிடித்துவிடும். பொங்கல் மட்டும் ஏன் எப்போதும் ஜனவரி நடுவிலேயே வருகிறது என்று ஒரு இந்துப் பையன் கேட்டார். தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுகிறது என்ற விளக்கம் அங்கே வந்தது. இரண்டு நாட்காட்டிகளையும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் யார்?

தமிழ்ப் பாடத்துக்கு, "வீட்டில் இருக்கும் மிகப் பழைய எழுத்தைக் கண்டுபிடி. அதை யாரால் வாசிக்க முடியும் என்று கேள்" என்று கொடுத்தோம். பழைய கல்யாணப் பத்திரிகை, நிலப் பத்திரம், சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதம் என்று பல வந்தன. ஒரு பிள்ளை, பழுப்பேறிய ஒரு நோட்டைப் பற்றி எழுதியிருந்தது. அரபி எழுத்து, ஆனால் அரபி ஓதத் தெரிந்தவர்களுக்கும் பொருள் புரியவில்லை. அந்தப் பிள்ளையின் நன்னி மட்டும் அதைக் கையில் வாங்கித் தடையில்லாமல் தமிழில் வாசித்தாராம்.

அது அரபுத்தமிழ். தமிழை அரபி எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குக் கூடுதல் குறிகள் சேர்த்து எழுதும் முறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் எழுதிய 'ஃபத்ஹுத் தையான்' போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இந்த எழுத்தில்தான் வந்தன. நம் முந்தைய தலைமுறைப் பெண்களில் பலர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள், இந்த எழுத்தில் படித்தார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டார், "அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டிக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து எங்கள் மூவருக்கும் தெரியாது. அவரைப் பள்ளிக்கு வரவழைத்து, வகுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். "எனக்கு என்ன தெரியும் சார்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். பிறகு அரை மணி நேரம் வாசித்தார். அவர் வாசித்து முடித்தபோது அந்தப் பேத்தி வகுப்பைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எங்கள் கண்ணில் இருக்கிறது.

கஞ்சிக் கணக்கு

விகிதம் நடத்தும்போது, "பெரிய சமையல் ஒன்றின் கணக்கைக் கேட்டு வா" என்போம். கல்யாண பிரியாணியின் கணக்கு வரும், கோயில் அன்னதானத்தின் கணக்கு வரும், மாதா கோயில் திருவிழாச் சமையலின் கணக்கு வரும். ஒரு மாணவியின் அத்தா, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர். பத்துப் பேருக்கு இவ்வளவு பச்சரிசி என்றால் ஐந்நூறு பேருக்கு ஐம்பது மடங்கு என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. அவர் சிரித்துவிட்டு, "அரிசி சரிம்மா. தண்ணியை அப்படி ஊத்தினா கஞ்சி ஓடிடும். காரமும் அப்படிப் போடக் கூடாது" என்றாராம்.

அந்தப் பிள்ளை இதை வந்து சொன்னபோது, கணக்கு ஆசிரியர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அதையே அடுத்த கேள்வியாக்கினார். தண்ணீர் ஏன் ஐம்பது மடங்கு வேண்டாம்? சட்டி பெரிதாகும்போது உள்ளே இருக்கும் கொள்ளளவு வேகமாகக் கூடுகிறது. ஆவி போகும் மேல்பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எனவே ஒரு படி கஞ்சிக்கு ஆவியாகும் தண்ணீர் பெரிய தேக்சாவில் குறைவு. பரப்பும் கொள்ளளவும் ஒன்றுபோல் வளர்வதில்லை என்ற பாடத்தைச் சொன்னது அந்தச் சமையல்காரர்தான்.

அவர் பிறகு பள்ளிக்கு வந்தார். அதுவரை மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட மட்டுமே வந்தவர், அன்றைக்கு விளக்கம் சொல்ல வந்தார். போகும்போது, "பத்தாவதோட நிறுத்திடலாம்னு இருந்தோம் சார். பிளஸ் டூ வரைக்கும் படிக்கட்டும்" என்றார். நாங்கள் அவருக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை. மகள் படிக்கும் படிப்பில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இன்று ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். நம் ஊரில் தண்ணீர்ப் பாட்டைத் தெரியாதவர் இல்லை. ஆத்தூர் காமராஜர் அணையில் நீர் வற்றினால் நம் தெருக் குழாயில் தெரியும். "ஒரு வாரம், வீட்டுக்கு வரும் குடங்களை எண்ணு. யார் தூக்கினார்கள் என்றும் எழுது" என்றோம். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், பன்னிரண்டு குடத்துக்கு 180 லிட்டர். ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கச் சொன்னோம். வகுத்தல் எல்லாருக்கும் சரியாக வந்தது. யார் தூக்கினார்கள் என்ற கட்டத்தில்தான் வகுப்பு கொஞ்சம் அமைதியானது. தூக்கியவர்கள் உம்மாவும் அக்காவும் தங்கையும்தான். பையன்களின் பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு. மறு வாரம் ஒரு தாய் வந்து, "சார், என் மகன் ரெண்டு குடம் தூக்குறான். அந்தக் கணக்கை மறுபடியும் ஒரு தடவை எழுதச் சொல்லுங்க" என்றார்.

வட்டத்துக்குள் தெரிந்தது

இனி சொல்லப்போவதுதான் நாங்கள் முக்கியமாகக் கருதுவது. ஒரு வட்டம் வரையச் சொல்வோம். அதை இருபத்து நான்கு மணி நேரமாகப் பிரித்து, நேற்றைக்கு எந்த மணியில் எங்கே இருந்தாய் என்று வண்ணம் தீட்ட வேண்டும். கோணமும் பின்னமும் கற்றுக்கொள்ள எளிய வழி. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி.

ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்த ஒரு பையன், சில மாதங்களாக வகுப்பில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். திட்டிப் பார்த்தோம், பயனில்லை. அவர் கொண்டுவந்த வட்டத்தில் காலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை 60 டிகிரி கறுப்பாக இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "டீக்கடை, சார்" என்றார். அத்தா மவுத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் வெளியில் சொல்லவில்லை, கேட்டு நிற்க மனமில்லாத குடும்பம்.

நாங்கள் மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பிறகு ஜமாஅத் பெரியவர்களிடம் பெயர் வெளியில் வராத வகையில் பேசினோம். பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகைக்கு ஏற்பாடானது. பையன் காலையில் தூங்கி எழுந்து பள்ளிக்கு வந்தார். பத்தாவது முடித்தார், ஐ.டி.ஐ. படித்தார். எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை. இதேபோல் இன்னொரு வட்டம் வந்தபோது, நாங்கள் அந்த வீட்டைத் தேடிப் போவதற்குள் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு போயிருந்தது. அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதும் சட்டம். ஆனால் பிள்ளை காலை நான்கு மணிக்கு எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்தால்தானே சட்டத்துக்கு வேலை! கேள்வி பதில் நோட்டில் அது தெரியாது. கடையில் வாங்கிய எரிமலையில் நிச்சயமாகத் தெரியாது. பிள்ளை தன் வாழ்க்கையைத் தானே வரைந்தால்தான் தெரியும்.

இது புதிய வழி அல்ல

இதையெல்லாம் நாங்கள் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். நம் பூட்டுக்குப் போட்டியாக இருக்கும் இன்னொரு பூட்டு அலிகர் பூட்டு. பூட்டுப் பாடம் நடத்தும்போது அலிகர் என்ற பெயர் வராமல் இருக்காது. அந்த அலிகரில்தான் சர் சையத் அஹ்மத் கான் 1875-ல் தொடங்கிய கல்விக்கூடம் பிறகு பல்கலைக்கழகமானது. 1920-ல் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கப்பட்டதும் அதே ஊரில்தான். பின்னர் அது டெல்லிக்கு மாறியது. பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஜாகிர் ஹுசைன் அவர்கள், 1926 முதல் அந்த ஜாமியாவைப் பணக் கஷ்டத்துக்கிடையே நடத்தினார். ஜாமியாவின் தொடக்கப் பள்ளியில் செயல்திட்ட முறையில் பாடம் நடந்தது. அவரே குழந்தைகளுக்குக் கதைகளும் எழுதினார்.

1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு ஒன்றைக் கூட்டினார். கைத்தொழிலை மையமாக வைத்து, தாய்மொழியில், ஏழாண்டு கட்டாயக் கல்வி வேண்டும் என்ற கருத்துக்குப் பாடத்திட்டம் வகுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவின் தலைவர் ஜாகிர் ஹுசைன்தான். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரானவர் அவர். அந்த ஆதாரக் கல்வி நம் ஊருக்கும் வந்தது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், நம்மில் பலர் மதுரை பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கும் இடம். நூல் நூற்பதிலிருந்து கணக்கு, தோட்டத்திலிருந்து அறிவியல் என்று பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதே ஆதாரக் கல்வியின் எண்ணம். கையால் செய்யும் வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் சுவர் இருக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். சாவி ராவுகிறவர் வீட்டிலும் கஞ்சி காய்ச்சுகிறவர் வீட்டிலும் பாடம் இருக்கிறது என்று நாங்கள் சொல்வதும் அதே வழிதான்.

1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள், தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றை எடுத்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு ஆய்வு செய்து, தாய்மொழியிலேயே சமர்ப்பிக்கலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை நடத்தி வருகிறது. நம் பிள்ளைகள், குறிப்பாக நம் பெண் பிள்ளைகள், இதில் இன்னும் அதிகமாகக் கலந்துகொள்ள வேண்டும். தோல் பதனிடும் தொழிலும் நிலத்தடி நீரும் நம் ஊர்க் கதை. அதை ஆய்வு செய்ய வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது

அறக்கட்டளை நோட்டும் புத்தகமும் கட்டணமும் தருகிறது. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. அதோடு காசு அதிகம் செலவாகாத சில காரியங்களையும் சேர்த்துச் செய்யலாம் என்பது எங்கள் யோசனை.

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளைக்கு ப்ராஜெக்ட் கொடுத்தால் கடைக்கு ஓடாதீர்கள். "இதைப் பற்றி நம் வீட்டில், நம் தெருவில் யாருக்குத் தெரியும்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். தண்ணீர் என்றால் குடத்தை எண்ணட்டும். மண் என்றால் தோட்டக்காரரிடம் கேட்கட்டும். ஒரு பக்கம் கோணல் எழுத்தில் எழுதினாலும் அது அந்தப் பிள்ளையின் பக்கம். நீங்களே உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தால், மதிப்பெண் உங்களுக்குத்தான் கிடைக்கும். மிகச் சிறிய பிள்ளைகளை வீட்டுப்பாடத்தால் வதைக்கவும் வேண்டாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைவில் வையுங்கள். அந்த வயதில் கதை சொல்லுங்கள், அது போதும்.

இரண்டாவது, தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும். "எனக்கு என்ன தெரியும்" என்ற வார்த்தையைப் பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். பிறை பார்த்ததும், கஞ்சி காய்ச்சியதும், அரபுத்தமிழ் வாசித்ததும், பஞ்ச காலத்தில் குடும்பம் நடத்தியதும் படிப்புதான். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதையே விடுதலைத் தொகையாக ஏற்றுக்கொண்டார்கள் நபி (ஸல்) அவர்கள் என்று சீரா நூல்களில் படிக்கிறோம். தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதற்கு நம் மார்க்கம் கொடுத்த மதிப்பு அவ்வளவு.

மூன்றாவது, அறக்கட்டளைக்கு. ஆண்டுதோறும் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறீர்கள். அடுத்த ஆண்டு இதே மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிய ஒற்றைப் பக்கங்களை அதில் வையுங்கள். வாங்கிய பொருள் எதற்கும் அங்கே இடமில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பரிசைப் பிள்ளைக்கும், பதில் சொன்ன பெரியவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். பேகம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் பழைய தொழில்களையும் பழைய எழுத்துகளையும் பழைய சொற்களையும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஜனாஸாத் தொழுகையில் நிற்கும்போதுதான், "இவரிடம் கேட்டிருக்கலாமே" என்று நினைக்கிறோம்.

நான்காவது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தைப் பற்றி. வருமானம், மதிப்பெண், குடும்ப அட்டை எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கூடவே ஒரு வட்டமும் அச்சிடுங்கள். பிள்ளை தன் கையால் இருபத்து நான்கு மணி நேரத்தையும் வண்ணம் தீட்டட்டும். வாய் திறந்து கேட்காத வீடுகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. கேட்கிறவருக்குக் கொடுப்பது எளிது. கேட்காதவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அந்த வட்டத்தைக் கவனித்துப் பார்க்க ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் மூவரும் இருக்கிறோம். எங்களுக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. அழைத்தால் வருகிறோம். படிவங்களை எங்களிடம் நம்பிக் கொடுங்கள், எந்த வீட்டின் செய்தியும் எங்களைத் தாண்டி வெளியே போகாது.

 நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், அவர்களைக் கவனித்துப் பார்க்கும் கண்களை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.